‘சமைத்துப் பார்’: படிக்கும் காத்திக்கும் நடுவே ஒரு வாசிப்பு

திறனாய்வு என்றால் நாவலும் கவிதையும் மட்டும்தானா என்று போன மாதம் ஒரு மாணவி கேட்டாள். இந்த முறை ஒரு சமையல் புத்தகத்தை எடுத்திருக்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’. பிறகு மூன்று பாகங்களாக வளர்ந்து, பல மொழிகளுக்கும் போய், கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்ணின் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்து அனுப்பப்பட்ட புத்தகம். இதை ருசிக்காகப் படிக்கிறவர்கள் பலர். நான் அளவுக்காகப் படித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில் தலைப்பு. ‘சமைத்துப் பார்’ என்பதில் ‘பார்’ கண்ணால் பார்ப்பது இல்லை, துணைவினை. எழுதிப் பார், கேட்டுப் பார், போட்டுப் பார் என்பது போல முயன்று அறிவதைச் சொல்கிறது. (தேர்வு மாணவர்களுக்கு: ‘சமைத்து’ வன்றொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சம், அதனால் ‘ப்’ மிகுந்தது. ‘செய்து பார்’ என்பதில் மிகாது. இந்த இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் வருஷா வருஷம் உண்டு.) ‘சமையல் கலை’, ‘சமையல் களஞ்சியம்’ என்றெல்லாம் பேர் வைத்திருக்கலாம். அம்மாள் ஏவல் வினையை வைத்தார். செய், செய்து நீயே தெரிந்துகொள் என்று ஒருத்தியிடம் நேராகச் சொல்கிற குரல் அது. புத்தகம் முழுக்க அந்தக் குரல்தான். பொருள்களின் அளவை முன்னால் சொல்லிவிட்டுச் செய்முறைக்குப் போகிறார். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாதவளுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கைமணம், கைப்பக்குவம் என்று சொல்லி நாம் மூடி வைத்திருந்ததை எண்ணில் எழுதலாம் என்று துணிந்ததுதான் இந்த நூலின் சாதனை என்பேன்.

ஆனால் எந்த எண்? அங்கேதான் நம்முடைய சிக்கல் ஆரம்பிக்கிறது.

புத்தகம் வந்த 1951-இல் இந்தியாவில் மெட்ரிக் அளவை வரவில்லை. அதற்கான சட்டம் 1956-இல்தான் வந்தது, நயா பைசா 1957-இல். கடைத்தெருவில் கிலோ கட்டாயமாக 1960களின் தொடக்கம் ஆனது. ஆகவே அம்மாளின் உலகம் ஆழாக்கு, படி, பலம், வீசை உலகம். 8 ஆழாக்கு 1 படி. 40 பலம் 1 வீசை. ஒரு பலம் 3 தோலா, அதாவது ஏறக்குறைய 35 கிராம். வீசை 1 கிலோ 400 கிராம். பலமும் வீசையும் நிறை என்பதால் கணக்கு சுலபமாக முடிந்துவிடுகிறது. ஆழாக்கு அப்படி முடியவில்லை. 168 மில்லி என்று கணக்குப் போடுவோரும் உண்டு, 200 மில்லி என்று வைப்போரும் உண்டு. படி ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி ஒன்று, ஊர்ப் படி ஒன்று. 168-ஐ எட்டால் பெருக்கினால் 1 லிட்டர் 344 மில்லி, 200-ஐப் பெருக்கினால் 1 லிட்டர் 600. ஒரே சொல், கால் லிட்டர் வித்தியாசம். ‘உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா’ என்று கேலி பண்ணுவோமே, இந்த உழக்குக்குள் உண்மையிலேயே கிழக்கும் மேற்கும் இருக்கிறது.

இது நூலின் குறையா? பாதி குறை. ஒரு குறிப்புக்குள் எல்லாமே ஆழாக்கில் இருந்தால் எந்த ஆழாக்கு என்பது பெரிதில்லை. நாலுக்கு ஒன்று என்றால் எந்தப் பாத்திரத்தாலும் நாலுக்கு ஒன்றுதான். ஆனால் அரிசி ஆழாக்கிலும் வெல்லம் பலத்திலும் வந்துவிட்டால், ஆழாக்கு எவ்வளவு என்று தெரியாதவள் தடுமாறுவாள். தன் வாசகி சென்னையில், தன் வீட்டில் இருந்த அதே பித்தளை ஆழாக்கோடு இருக்கிறாள் என்று அம்மாள் எடுத்துக்கொண்டார். 70 வருஷம் கழித்துப் பந்திங்கில் ஒருத்தி படிப்பாள் என்று அவர் ஏன் நினைக்கணும்? இந்த நூலின் தேர்ந்த பகுதிகள் 2001-இல் பெங்குவின் வழியாக ஆங்கிலத்தில் ‘தி பெஸ்ட் ஆஃப் சமைத்துப் பார்’ என்று இன்றைய அடுப்படிக்கு ஏற்றபடி வந்தன. தேவையான வேலைதான். ஆனாலும் தமிழ் ஆசிரியராக எனக்கு ஆழாக்கு வேண்டும். ஆழாக்கும் இருக்கணும், அதற்குப் பக்கத்தில் மில்லியும் இருக்கணும்.

இனி என் காரணம்.

என் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். கடன் கணக்கு எழுதும் ‘555’ நோட்டுப் புத்தகம் ஒன்றில் 14 பலகாரங்களை எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அது அம்மாவிடம் வந்தது. அம்மா ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்துச் சமைத்தது கிடையாது. எல்லாம் கையிலேயே இருந்தது. ஒரு வருஷமாக அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. உப்பு போட்டாச்சா என்று மூன்று தடவை கேட்கிறார். கை மட்டும் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கையும் மறப்பதற்குள் எல்லாவற்றையும் கிராமில் எழுதிவிடணும் என்று போன தீபாவளிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அதிரசத்தில் ஆரம்பித்தேன். நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘1 சு. ப.அரிசி, 1¼ கா. வெல்லம், ஏலம், பாகு பதம்.’

‘கா.’ என்றதும் எனக்கு முதலில் ‘கால்’ என்றுதான் பட்டது. ஒன்றேகால் கால் என்று எவரும் எழுத மாட்டார்களே என்று பிறகுதான் புரிந்தது. காத்தி. ‘சு.’ சுப்பாக். இலங்கைத் தமிழ் நண்பர் ஒருவர் அதைச் ‘சுண்டு’ என்று படித்தார், அவர்கள் வீட்டில் அரிசி அளப்பது சுண்டில்தான். ஒரே எழுத்து, கடல் தாண்டினால் வேறு பாத்திரம்.

கைப்பேசியில் தேடினேன். காத்தி 500 கிராம் என்று முதலில் வந்தது. எழுதிக்கொண்டேன். சுப்பாக் 1.136 லிட்டர் என்று வந்தது. ஒரு லிட்டர் ஒரு கிலோதானே என்று 1 கிலோ 136 கிராம் அரிசி எடுத்தேன். வெல்லம் 625 கிராம். அதிரசம் எண்ணெயில் போட்டதும் விரிந்து வெடித்தது, ஆறிய பிறகு ஓடு மாதிரி ஆனது. அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, ‘இது யாரு சுட்டது?’ என்று கேட்டார்.

இரண்டு தப்பு செய்திருந்தேன். இரண்டுமே அளவை மாற்றும் எவரும் செய்யக்கூடியவை, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

500 கிராம் என்பது இன்றைய சீனாவின் காத்தி. தைவானில் 600 கிராம். நம் ஊர்க் காத்தி 604.79 கிராம். ஏன் இப்படி ஒரு வால் எண்? ஆங்கிலேயர் காத்தியை ராத்தலோடு கட்டிப் போட்டார்கள். ஒரு காத்தி ஒன்றே மூன்றில் ஒரு பங்கு ராத்தல். ராத்தல் 453.59 கிராம், அதோடு அதன் மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் 604.79. காத்தியில் 16 தஹில், ராத்தலில் 16 அவுன்சு, ஆக தஹிலும் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு அவுன்சு, 37.8 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். பாட்டி காலத்துக் கடையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கேட்டு வாங்கிய காத்திக்குள்ளே லண்டன் ராத்தல் ஒளிந்திருந்தது. 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் வந்து, 1980களின் தொடக்கத்தில் நாடு கிலோவுக்கு முழுசாக மாறியது. வாய் மாற இன்னும் நாளாகும் போலிருக்கிறது. பந்திங் சந்தையில் வயதான அக்காமார் ‘ஒரு காத்தி போடு’ என்பதை நான் இன்றும் கேட்கிறேன்.

இரண்டாவது தப்புக்கு இலக்கணப் புத்தகத்தைத் திறக்கணும். ஆகுபெயர் பாடத்தில் அளவையாகுபெயர் நான்கு என்று நடத்துகிறோம்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். மாணவர்கள் இதை எந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். அதிரசம் ஓடான அன்றுதான் இந்தப் பாகுபாடு எதற்கு என்று எனக்கே உறைத்தது. சுப்பாக், ஆழாக்கு, படி, நாழி, கந்தாங், கப் எல்லாம் முகத்தல். காத்தி, பலம், வீசை, ராத்தல், கிலோ எல்லாம் எடுத்தல். முகத்தலை இன்னொரு முகத்தலுக்கு மாற்றலாம், எடுத்தலை இன்னொரு எடுத்தலுக்கு மாற்றலாம், வெறும் பெருக்கல்தான். முகத்தலிலிருந்து எடுத்தலுக்குத் தாண்ட வேண்டுமென்றால் பாத்திரத்துக்குள் இருக்கும் பொருள் என்னவென்று கேட்டாகணும். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. அரிசி அப்படி இல்லை.

இதற்குச் சாட்சி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அரிசி வேகும் மின்குக்கரோடு வருகிற அந்தச் சின்னக் குவளை 180 மில்லி, அதில் அரிசி 150 கிராம். அப்படியானால் ஒரு லிட்டர் அரிசி சுமார் 830 கிராம். சுப்பாக்கு 950-ஐ ஒட்டி வரும். நான் போட்டதோ 1136. அரிசி கூடுதல், வெல்லம் குறைவு, வெடிக்காமல் என்ன செய்யும்? பாட்டியின் கணக்கில் வெல்லம் 756 கிராம், அரிசியில் ஐந்தில் நாலு பங்கு. என் கணக்கில் பாதியைச் சற்றே தாண்டியது.

இதே தப்பால் ஒரு விமானம் வானத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றிருக்கிறது. 1983 ஜூலை 23, கனடா, ஏர் கனடா 143. அந்த நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். தொட்டியில் இருந்த லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கினார்கள். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு புறப்பட்டு, இரண்டு எந்திரமும் நின்று, விமானி கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். முகத்தல், எடுத்தல் பாடத்தை நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், பின் வரிசையும் நிமிரும்.

இந்தக் கண்ணோடு வாட்சாப்பில் சுற்றும் ‘பழந்தமிழர் அளவைகள்’ அட்டவணைகளைப் பார்த்தால் கோபம் வருகிறது. பெருமைக்காக அனுப்பப்படுபவை அவை. நாழிக்கும் கிலோவுக்கும் நடுவில் சமக்குறி போட்டு, எந்தப் பொருள், எந்த ஊர்ப் படி, தலைதட்டியதா குவித்ததா என்று ஒன்றும் சொல்லாமல் முடித்துவிடுகிறார்கள். இதை நாமே வகுப்பில் நகலெடுத்துக் கொடுக்கிறோம், நானும் கொடுத்தவள்தான். தொல்காப்பியர் அப்படி இல்லை. எழுத்ததிகாரத்தில் தொகைமரபில், அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எந்த எழுத்தில் தொடங்கும் என்று ஒன்பது எழுத்தைச் சொல்கிறபோதே அளவு வேறு, நிறை வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறார். க, ச, த, ப, ந, ம, வ, அ, உ. (விளையாட்டுக்குச் சோதித்துப் பார்த்தேன். காத்தி, கிலோ, கந்தாங், சுப்பாக், தஹில், பிக்குல், அவுன்சு எல்லாம் தேறிவிடுகின்றன. லிட்டர் தேறவில்லை. இராத்தலும்தான்.)

ராத்தல் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. மாணவர்களிடம் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் பட்டர் கட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலதில் 227 கிராம் என்று அச்சிட்டிருக்கும். அது அரை ராத்தல். பழைய கெட்டிப்பால் டின் 397 கிராம், அது 14 அவுன்சு. இலங்கையில் இன்றும் பாண் ‘ஒரு ராத்தல்’ என்றுதான் வாங்குகிறார்கள், கடைக்காரர் கொடுப்பது 450 கிராம். பழைய அளவை ஒன்றும் செத்துப் போகவில்லை, எண் மட்டும்தான் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. பழைய கேக் குறிப்புகளை மாற்றும்போது ஒன்று கவனிக்கணும். அவுன்சு 28.35 கிராம். சிலர் 25 என்று வைப்பார்கள், சிலர் 30 என்று. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போகலாம். மாவுக்கு 25, சீனிக்கு 30 என்று போனால் கேக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றவே கூடாத அளவுகளும் இருக்கின்றன. நம் சமையல் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான்: எலுமிச்சம்பழ அளவு புளி, நெல்லிக்காய் அளவு வெண்ணெய், சுண்டைக்காய் அளவு பெருங்காயம். இவை உவமைகள். புளி காய்ந்ததா ஈரமா, புதுசா பழசா என்பதற்கு ஏற்ப புளிப்பே மாறும்போது ‘22 கிராம் புளி’ என்று எழுதுவது துல்லியம் மாதிரி வேஷம் போடுவது. ஆனால் உவமைக்கும் ஊர் உண்டு. என் மாணவன் ஒருவன் எலுமிச்சை அளவு என்றதும் லீமாவ் கஸ்தூரி அளவுக்குப் புளியை உருட்டிக் காட்டினான். அது கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அவன் பார்த்த எலுமிச்சை அது, அவன்மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் அச்சான நூலை நாம் இங்கே படிக்கிறபோது பாடலானாலும் கதையானாலும் ரசமானாலும் இந்த அடிக்குறிப்பு வேலை நம் தலையில்தான் விழுகிறது.

‘சமைத்துப் பா’ரிடம் எனக்கு இருக்கும் உண்மையான மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வகை வீட்டுச் சைவச் சமையலை எழுதியது. அதை அருமையாக எழுதியது. ஆனால் அந்த அளவு கவனத்தோடு எங்கள் தோட்டத்து அடுப்பை எவரும் எழுதவில்லை. கருவாட்டுக் குழம்புக்கு எத்தனை தஹில் கருவாடு, ரேஷன் அரிசியில் இட்லிக்கு எத்தனை டின் உளுந்து என்பதெல்லாம் 555 நோட்டுகளில் ‘சு.’, ‘கா.’ என்று சுருங்கிக் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மீனாட்சி அம்மாள் காட்டிய வழி, எழுதத் தகுந்தது என்று அதை மதிப்பது. அந்த வழியில் நாம் நடக்கவில்லை என்பது அவர் குறை இல்லை.

இரண்டாவது தடவை நான் கைப்பேசியைத் தொடவில்லை. அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, ‘ஒரு சுப்பாக்னா எவ்வளவும்மா?’ என்று கேட்டேன். ‘நாலு பால் டின்னு’ என்றார் யோசிக்காமல். பழைய டின் ஒன்று பின்கட்டில் ஆணி போட்டு வைக்கக் கிடந்தது. கழுவிக் காயவைத்தேன். அம்மா அரிசியை மொண்டு, விரலால் தலைதட்டினார். ஒரு டின் 240 கிராம். நாலு டின் 960. நான் கணக்கில் கண்ட 950-க்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. வெல்லத்தைத் தராசில் 756 என்று நிறுத்துக் கொடுத்தேன். பாகு வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருண்டதும் மாவைக் கொட்டச் சொன்னார். கிளறிக்கொண்டே வந்தவர் கொஞ்சம் மாவு மிச்சம் இருக்கும்போதே ‘போதும்’ என்று கையைக் காட்டினார்.

மிச்ச மாவை நிறுத்தேன். 40 கிராம். ஈர மாவு அது, தராசும் சமையல்கட்டுத் தராசு, அதனால் பெரிசாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் பாட்டியின் வரிக்குக் கீழே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘1 சுப்பாக் = 4 பால் டின், தலைதட்டி = 960 கி. 1¼ காத்தி = 756 கி. மாவில் ஒரு கைப்பிடி நிறுத்திவை, அம்மா போதும் என்ற இடம்.’

மீதி 13 பலகாரம் இருக்கிறது. நாலாம் படிவ மாணவர்களிடம் வீட்டில் இருக்கும் பழைய அளவைச் சொற்களைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன், எண்ணல் எடுத்தல் முகத்தல் நீட்டல் என்று நாலு கட்டம் போட்ட தாளோடு. முதல் வாரத்தில் 31 சொல் வந்தது. அதில் ‘கொட்டாங்கச்சி’ இரண்டு பேரிடமிருந்து வந்தது, ஒருத்தி முகத்தலில் எழுதியிருந்தாள், ஒருவன் எண்ணலில். ‘சிட்டிகை’யை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு மாணவி கேட்டாள். நான் முகத்தல் என்றேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.